வடசென்னை மொட்டை மாடியில் காய்கறி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பன்னிரண்டு வருடமாகக் காய்கறி வளர்க்கிறேன். கீரை கொடுக்கப் போன வீடுகளிலும், ரேஷன் கடை வரிசையிலும், காசிமேட்டில் மீன் வாங்கும்போதும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பொதுவாகச் சொல்லப்படும் மாடித்தோட்ட யோசனைகளில் பாதி நம் பக்கத்துக்கு அப்படியே ஒத்துவருவதில்லை. காரணம் உப்பு. போர் தண்ணீரில் உப்பு, கடற்காற்றில் உப்பு, வாங்கிவரும் தென்னை நார்க்கழிவிலும் உப்பு. அதற்கு ஒரு வழி செய்துவிட்டால் இங்கே வருடம் முழுக்க ஏதாவது ஒரு காய் பறிக்கலாம்.

எங்கள் வீட்டு போர் தண்ணீர் கரிக்கிறது. செடி வருமா?

வரும். எல்லாச் செடியும் வராது.

ஊற்றும் தண்ணீரைச் செடி குடிக்கிறது, வெயிலும் கொஞ்சம் உறிஞ்சுகிறது. உப்பு மட்டும் தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. நாள்தோறும் சேர்ந்து சேர்ந்து, ஒரு கட்டத்தில் மண்ணின் மேல் வெள்ளையாகப் பூக்கும். அடித்துளையைச் சுற்றியும் வெள்ளை படியும். இலையின் நுனியும் ஓரமும் தீய்ந்த மாதிரி காயும். இதைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து, அதே தண்ணீரை இன்னொரு வேளையும் ஊற்றுவார்கள். நானும் முதல் வருடம் அதைத்தான் செய்தேன். பத்துத் தொட்டி பீன்ஸ். முழங்கால் உயரம் வந்து அப்படியே நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு ஆயா மாடிக்கு வந்து, தொட்டி ஓரத்து மண்ணைச் சுரண்டி, நுனி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்புக் கண்டத்துக்குத் தடவலாம் கண்ணு இதை. இதுல எப்படி அவரையும் பீன்ஸும் வரும்?" என்றார். பீன்ஸ்தான் உப்பை அறவே தாங்காத பயிர் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளந்து காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிவைத்துக்கொள்ளுங்கள், பெரிய விலை இல்லை. 450-க்குக் கீழே காட்டினால் கவலை வேண்டாம். 2000-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரை மட்டும் நம்பிக் காய்கறி போடாதீர்கள். நடுவில் இருந்தால் பாதிக்குப் பாதி மெட்ரோ தண்ணீர் (குடிநீர் வாரியம் தருவது) கலந்து ஊற்றலாம். அப்படிக் கலந்தாலும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நல்ல தண்ணீரை அடித்துளை வழியே தாராளமாக வழியும்வரை ஊற்றி உப்பைக் கழுவிவிட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதுதான் இங்கே கெடுதல்.

ஓரளவு உப்பைப் பொறுத்துக்கொள்ளும் பயிர்கள் பீட்ரூட், பாலக், காராமணி. கத்தரியும் தக்காளியும் நடுத்தரம். கேரட், முள்ளங்கி, வெங்காயம், பீன்ஸ் நான்கும் நல்ல தண்ணீர் கேட்பவை.

மெட்ரோ தண்ணீரில் குளோரின் வாடை வருகிறதே? ஆர்ஓ கழிவு நீர், ஏசி தண்ணீர்?

மெட்ரோ தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு ராத்திரி திறந்து வைத்தால் போதும். ஏசி தண்ணீர் உப்பில்லாத தண்ணீர். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ஒரு ராத்திரியில் பாதி வாளிக்கு மேலேயே சேரும், நாற்றுகளுக்கு அதைத்தான் வைத்திருக்கிறேன். ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியே வரும் தண்ணீர் வேண்டாம். நல்ல தண்ணீரைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சும் உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றலாம், உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் கூடாது.

ஆடிப்பட்டம் தேடி விதை என்கிறார்கள். சென்னைக்கும் அதுவா?

ஆமாம், ஆனால் இங்கே ஆடியில் விதைப்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சென்னைக்கு வருடத்தில் சுமார் 1,400 மில்லி மீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்க்கும். ஆடியில் போட்ட செடி அந்த அடைமழைக்கு முன் வேர் பிடித்து, தண்டு தடித்து நிற்கும். புரட்டாசி கடைசியில் முளைத்த செடி இரண்டே இலையோடு மழையில் மாட்டிக்கொண்டு அழுகிவிடும். அதனால் நான் ஐப்பசியிலிருந்து பின்னோக்கி எண்ணுவேன். வெண்டை முளைத்துக் காய்க்க 45 நாள், புடலை, பாகல், பீர்க்குக்கு ஏறத்தாழ 60 நாள். ஆடி முதல் வாரம் விதைத்தால் புரட்டாசியில் பறித்துக்கொண்டிருப்போம். ஆவணியில் அநேக நாள் சாயங்காலம் இடி மின்னலோடு ஒரு மழை வரும், வளரும் செடிக்கு அது ரொம்பவும் நல்லது.

அவரையை மட்டும் ஆடியை விட்டு நகர்த்தாதீர்கள். நாட்டு அவரை பகல் குறுகும்போதுதான் பூக்கும். நான் ஒருமுறை மாசியில் போட்டேன். பந்தல் முழுக்கக் கொடி, ஒரு பூ இல்லை. ஆடியில் போட்டால் கார்த்திகையில் பூத்து, தைப் பொங்கல் குழம்புக்கு நம் அவரைக்காயே இருக்கும்.

எங்கள் பக்கம் தொழிற்சாலை, சாம்பல், தூசி. இங்கே விளைந்ததைச் சாப்பிடலாமா?

எண்ணூர், மணலி, கொடுங்கையூர்க்காரர்கள் எல்லோரும் கேட்பது இது. கேட்க வேண்டிய கேள்விதான்.

இலை மேல் படியும் தூசி வேறு, மண்ணுக்குள் இருப்பது வேறு. தூசியைக் கழுவிவிடலாம். வாரத்துக்கு ஒருமுறை காலையில் செடிக்கே பூவாளியால் குளிப்பாட்டி விடுங்கள், இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும். பறித்த கீரையை அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி அலசி, கீரையைத்தான் தூக்க வேண்டும், தண்ணீரைச் சாய்க்கக் கூடாது. சாய்த்தால் அடியில் படிந்த தூசி திரும்பக் கீரை மேலேயே வந்து உட்காரும். அடியில் கறுப்பு நிற்காமல் வரும்வரை, மூன்று நான்கு தண்ணீர்.

மண்ணுக்குள் இருப்பதைக் கழுவ முடியாது. அதனால் தொழிற்சாலைகளை ஒட்டியோ குப்பைமேட்டை ஒட்டியோ வீடு இருந்தால் தரையில் காய்கறி போட வேண்டாம், வெளியிலிருந்து வந்த செம்மண் நிரப்பிய தொட்டியில் போடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணீர் தெருக்களுக்குள் வந்தது. அப்படித் தண்ணீர் நின்ற தரையில் கீரையோ கிழங்கோ விளைவிப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஈயம் போன்ற உலோகங்கள் இலையிலும் கிழங்கிலும்தான் அதிகம் சேரும், காயில் அந்த அளவு சேராது.

கோயம்பேட்டிலிருந்து வரும் கீரை மட்டும் எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று நமக்குத் தெரியுமா? நம் மாடியில் வளர்ந்ததற்குத் தண்ணீர் ஊற்றியது யார், மருந்து அடித்தது யார் என்பதாவது தெரியும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் நல்ல கீரை கிடைக்க வேண்டும் என்றுதான் இதை இவ்வளவு எழுதுகிறேன்.

மண் கலவை எப்படி?

செம்மண் ஒரு பங்கு, மக்கிய மாட்டு எரு அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. ஒரு தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்ததும் அப்படியே கலந்துவிடாதீர்கள், அதிலும் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, அந்தப் பழுப்புத் தண்ணீரைக் கொட்டி, இன்னும் இரண்டு முறை அலசுங்கள். எரு கையில் எடுத்தால் சாண வாடை போய் மண் வாடை வர வேண்டும். பச்சைச் சாணி வேரைச் சுட்டுவிடும்.

தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டக் கிட் தருவதுண்டு. மாதவரத்தில் அவர்கள் பூங்காவே இருக்கிறது, அந்தப் பக்கம் போகும்போது ஒரு நடை விசாரித்துப் பாருங்கள்.

காசிமேட்டு மீன் பெட்டியில் செடி வைக்கலாமா?

தாராளமாக. பழைய தெர்மாகோல் பெட்டி கீரைக்கு எடுத்துவைத்த மாதிரி இருக்கும். ஆழம் குறைவு, அகலம் அதிகம், வெயிலில் மண் சூடேறாது. துறைமுகத்தில் மீன் வாங்கும் அண்ணனிடம், "உடைஞ்ச பெட்டி இருந்தா எடுத்து வைங்கண்ணே, கீரை வந்தா உங்களுக்கும் ஒரு கட்டு" என்று சொல்லிவைத்தேன், இன்றுவரை எடுத்து வைக்கிறார். இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, காயவைத்து, அடியில் ஆறேழு துளை போடுங்கள். வாடை போகாத பெட்டியைப் பூனை பிறாண்டிவிடும். தெர்மாகோல் உதிர ஆரம்பித்தால் அந்தப் பெட்டியை மாற்றிவிட வேண்டும், மண்ணோடு கலக்க விடாதீர்கள்.

மாடி தாங்குமா?

12 அங்குலக் குரோ பேக் ஒன்று ஈர மண்ணோடு ஏறக்குறைய 20 கிலோ வரும். ஐம்பது பை என்றால் ஒரு டன். கான்கிரீட் மாடியில் சுவர்களுக்கும் உத்தரங்களுக்கும் மேலே வருகிற மாதிரி ஓரமாக வரிசையாக வைத்தால் பயமில்லை. நடு மாடியில் குவிக்காதீர்கள். பைக்குக் கீழே இரண்டு செங்கல் வைத்துத் தூக்கிவிட்டால் தளத்தில் ஈரம் நிற்காது.

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் இன்னும் மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இருக்கின்றன. தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல்லைச் சாய்த்து அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட கூரை. அதன் மேல் தொட்டி வேண்டவே வேண்டாம். சட்டம் உள்ளே உளுத்திருப்பது வெளியே தெரியாது. அந்த வீட்டுக்காரர்கள் முற்றத்திலோ வாசல் திண்ணை ஓரத்திலோ வைத்துக்கொள்ளலாம்.

அடைமழை, புயல் நேரத்தில் என்ன செய்வது?

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா வந்த அன்று எங்கள் புடலைப் பந்தல் பக்கத்து மாடியில் போய் விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை, ஆனால் இரும்புக் கம்பியோடு போனதை நினைத்தால் இப்போதும் பதறுகிறது. புயல் அறிவிப்பு வந்ததும் பந்தலை அவிழ்த்துக் கொடியோடு கீழே படுக்கவைத்துவிடுங்கள், கொடி போனால் போகட்டும். தொங்கும் தொட்டி எல்லாம் கீழே. சின்னப் பைகள் கைப்பிடிச் சுவரின் அடியில், ஒன்றோடொன்று ஒட்டி. மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் இலை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், இதை மறந்தால் தொட்டியெல்லாம் குளத்தில் நிற்கும்.

சாதாரண மழை நாட்களில் ஒரே வேலைதான். தொட்டியின் அடித்துளையில் கம்பி விட்டுக் குத்தி அடைப்பெடுங்கள். நிற்கும் தண்ணீர் வேரை அழுகவைக்கும், ஓடும் தண்ணீர் எட்டு மாத உப்பைக் கழுவிக்கொண்டு போகும். மழை விட்டதும் வெறும் நார் மட்டுமே மிஞ்சிய மாதிரி மண் வெளுத்திருக்கும், அப்போது மேலே ஒரு கை மண்புழு உரம் போடுங்கள். கூடவே ஒரு டிரம்மில் மழைத் தண்ணீர் பிடித்து, கொசு போகாமல் துணி கட்டி வையுங்கள்.

தக்காளி பூக்கிறது, காய் பிடிக்காமல் உதிர்கிறது. ஏன்?

எந்த மாதம் என்று முதலில் சொல்லுங்கள். சித்திரை, வைகாசி என்றால் செடி மேல் தப்பில்லை. ராத்திரியும் சூடு இறங்காத மாதங்களில் தக்காளிப் பூவின் மகரந்தம் வேலை செய்யாது. என்ன உரம் போட்டாலும் உதிரத்தான் செய்யும். ஐப்பசியில் கூரைக்கடியில் நாற்று விட்டு, கார்த்திகை மழை ஓய்ந்ததும் நட்டால், தை, மாசியில் கொத்துக் கொத்தாகப் பிடிக்கும். காலை பத்து மணி வாக்கில் பூங்கொத்தை விரலால் மெல்லச் சுண்டி விடுங்கள், அவ்வளவு போதும்.

மார்கழி முதல் மாசி வரைதான் நமக்கு மலைக்காய்கறிக் காலம். பீட்ரூட், முள்ளங்கி, நூக்கல், முட்டைக்கோஸ், காலிஃபிளவர் எல்லாம் அப்போதுதான். கேரட் வரும், கடையில் வாங்குவது போல நீளமாக எதிர்பார்க்காதீர்கள்.

கோடையில் எல்லாம் காய்ந்துவிடுகிறது. அக்னி நட்சத்திரத்தில் எதையாவது காப்பாற்ற முடியுமா?

கோடைப் பயிரைத் தைப்பட்டத்திலேயே, அதாவது தை, மாசியில் விதைத்திருக்க வேண்டும். கொத்தவரை, காராமணி, வெண்டை, வெள்ளரி, மிளகாய். மே மாதம் வரும்போது அவை வேரூன்றியிருக்கும். 50 சதவீத நிழல் வலை கட்டுங்கள், மேற்கே கொஞ்சம் தாழ்வாக. மண்ணின் மேல் காய்ந்த சருகோ தேங்காய் மட்டையோ பரப்புங்கள். தண்ணீர் காலை ஏழுக்குள், மறுபடி வெயில் சாய்ந்து கடற்காற்று வந்த பிறகு. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியைத் தொட்டுப் பாருங்கள், கை சுட்டால் உள்ளே வேரும் வெந்துகொண்டிருக்கிறது. வெளியே ஈரச் சாக்கைச் சுற்றுங்கள்.

முளைக்கீரையும் தண்டுக்கீரையும் வலையடியில் கோடையிலும் தளராது.

சுரை, பூசணிப் பிஞ்சு சுண்டுவிரல் அளவில் மஞ்சளாகி விழுகிறது.

மகரந்தம் சேரவில்லை. மூன்றாவது மாடிக்குத் தேனீ வருவது குறைவு, அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும். பூவுக்குக் கீழே குட்டிக் காய் ஒட்டியிருந்தால் பெண் பூ. வெறும் மெல்லிய காம்பு மட்டும் இருந்தால் ஆண் பூ. பூசணி, பாகல், வெள்ளரி காலையில் பூக்கும். சுரை, பீர்க்கு, புடலை சாயங்காலம். அதனால் சுரைக்கு விளக்கு வைக்கும் நேரத்தில் மாடிக்குப் போக வேண்டும். வெள்ளைப் பூ அப்போதுதான் மடல் விரித்திருக்கும். ஆண் பூவைப் பறித்து இதழைக் கிள்ளி எறிந்தால் நடுவில் மஞ்சள் தூள் பூசிய தண்டு நிற்கும். அதைப் பெண் பூவின் நடுவில் மூன்று பக்கமும் மெல்லத் தடவுங்கள். பூவின் உள்ளே மஞ்சள் ஒட்டியது கண்ணுக்கே தெரியும். சேர்ந்திருந்தால் ஒரே வாரத்தில் பிஞ்சு பளபளவென்று காம்பை வளைத்துக்கொண்டு தொங்கும்.

மீன் கழிவை உரமாகப் போடலாமா?

பச்சையாகப் புதைக்காதீர்கள், பெருச்சாளி தோண்டிவிடும். மீன் அமிலமாகச் செய்யுங்கள். ஒரு கிலோ குடல், செவுள் என்றால் ஒரு கிலோ வெல்லம், மூடி போட்ட டப்பாவில் நிழலில் வைக்க வேண்டும். முதல் வாரம் நாறும். மூன்று நான்கு வாரத்தில் தேன் பதத்தில் இறங்கி, பழ வாடை வரும். வடிகட்டி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி கலந்து பத்து நாளுக்கு ஒருமுறை தெளிக்கலாம். கழிவு உப்புப் போட்ட மீனுடையதாக இருக்கக் கூடாது, பச்சை மீனுடையது மட்டும்.

பூச்சிக்கு என்ன அடிப்பது?

காலையில் காபி டம்ளரோடு மாடிக்குப் போய் இலைகளைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம்தான் முதல் மருந்து. மாவுப்பூச்சி நாலைந்து இருக்கும்போது பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் முடிந்தது. கண்டுகொள்ளாமல் விட்டால் செடி முழுக்கப் பரவி எறும்பும் சேர்ந்துகொள்ளும். அசுவினி, வெள்ளை ஈக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு. வெண்டை இலையில் நரம்பெல்லாம் மஞ்சளானால் அது வைரஸ், எதை அடித்தாலும் தேறாது. பிடுங்கி மாடியை விட்டே வெளியேற்றுங்கள், பக்கத்துச் செடிக்கு வெள்ளை ஈ கொண்டுபோய்விடும்.

பாகல், பீர்க்கில் காய் வளைந்து உள்ளே புழு இருந்தால் பழ ஈ. பிளாஸ்டிக் பாட்டிலில் துளைகள் போட்டு, நனைத்த கருவாட்டுத் தூளைப் போட்டுத் தொங்கவிடுங்கள். அடியில் சோப்புத் தண்ணீர் இருக்கட்டும். கருவாடு நம் பக்கம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது.

எப்போது பறிப்பது?

வெண்டையின் நுனியை ஒடித்தால் 'டக்' என்று உடைய வேண்டும், வளைந்தால் நாள் தாண்டிவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றிப்போகும், முற்றிய காய் ஒன்று கிடந்தாலே செடி அடுத்த பூவைக் குறைத்துவிடும். கத்தரி பளபளப்பு மங்குமுன். சுரையில் நகம் எளிதாக இறங்க வேண்டும். முள்ளங்கி 45 நாள், அதற்குமேல் மண்ணில் விட்டால் நெட்டி மாதிரி உள்ளே பஞ்சாகிவிடும். முளைக்கீரையும் சிறுகீரையும் 25 நாளில் வேரோடு பிடுங்குவது, அரைக்கீரை இரண்டு அங்குலம் விட்டு அறுப்பது, திரும்பத் திரும்பத் துளிர்க்கும். எதுவானாலும் வெயில் ஏறுமுன் பறித்தால் சாயங்காலம் வரை வாடாது. கத்தரி, மிளகாயைக் கையால் இழுக்காமல் கத்தரிக்கோலால் காம்போடு வெட்டுங்கள்.

விதை எடுத்துவைக்கலாமா?

நாட்டு ரகம் என்றால் எடுக்கலாம், ஹைபிரிட் விதை அடுத்த முறை தாய்ச்செடி மாதிரி வராது. கொடியில் முதலில் நன்றாகப் பிடித்த இரண்டு காயை நூல் கட்டி அடையாளம் வைத்து முற்ற விடுங்கள். பறித்த பிறகு விதை எடுத்து நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து, காற்றுப் புகாத டப்பாவில். நம் ஊர் ஈரக்காற்றில் காகிதப் பொட்டலம் நிற்காது, மழைக்காலத்தில் விதையில் பூஞ்சணம் பிடித்துவிடும்.

செடி முடிந்த பழைய மண்ணை என்ன செய்வது?

கொட்டாதீர்கள். வைகாசி வெயிலில் மாடியில் தார்ப்பாய் விரித்து அரை அங்குலக் கனத்துக்குப் பரப்பி, ஒரு வாரம் காயவிடுங்கள். வேர்களைப் பொறுக்கி எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரால் ஒருமுறை அலசி உப்பை வெளியேற்றி, மூன்றில் ஒரு பங்கு புது எரு கலந்து மூடி வையுங்கள். எங்கள் வீட்டில் இப்போது இருப்பது முதல் வருடம் ஆயா சுவைத்துப் பார்த்த அதே மண்தான். போன ஆடியில் அவரை போட்டது அதில்தான். தை மாதம் முதல் கூடை பறித்து ஆயா வீட்டுக்குத்தான் கொண்டுபோனேன்.